கரண்டு இல்லாத சாளையில் (காட்டுக் குடிசையில்) குறைஞ்ச செலவில் இருக்க முடியுமா?

2025 மே 11. வெள்ளகோவில் பக்கத்துத் தம்பி ஒருத்தர் கேட்டது:

"திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் வேலை. ஊர்ல அப்பாவுக்கு ரெண்டேக்கர் மேட்டுக்காடு, மானாவாரி நிலம், இருக்குதுங்க, லைன் வரலை. அங்க ஒரு சாளை போட்டு, சோலார் வெச்சு, மாசம் 5,000 ரூபாய்க்குள்ள இருந்துக்கலாம்னு ஒரு யோசனை. மிச்ச நாள்ல ஊர் ஊராப் போயி கயிறு, நெருப்பு, மலை நடை, கூடாரம் போடறதுன்னு வெளிவேலை எல்லாம் கத்துக்கணும். எந்தப் பேனல், எந்தக் கூடாரம், எந்தப் பயிற்சி வகுப்புன்னு சொல்லுங்க. கரண்டு பில் மிச்சமானாலே செலவு பாதி கொறைஞ்சிருமல்லங்க?"

மே 11, ராத்திரி

தம்பி, கடைசி வரிக்கு முதல்ல பதில். கொறையாது. 2016-லிருந்து வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். நாள் கணக்குல 1.6 யூனிட். 100 வாட் பேனல் ஒண்ணு நம்ம வெயில்ல, இழப்பெல்லாம் போக, நாளைக்கு 0.3 யூனிட் கையில குடுத்தா நல்ல பேனல். காசே வாங்காம அரசாங்கம் தர்றதுல அஞ்சுல ஒரு பங்கைத்தான் நீங்க காசு போட்டு வாங்கப் போறீங்க. லைன் வராத காட்டுக்கு சோலார் சரி. மிச்சம் பிடிக்கிறதுக்குன்னா வேண்டாம்.

பேனல் கணக்கையும் இங்கேயே முடிச்சுடறேன். ரெண்டு 7 வாட் பல்பு அஞ்சு மணி நேரம், போன் சார்ஜ், எல்லாம் சேர்ந்து 0.1 யூனிட்டைத் தாண்டாது. பேட்டரியைத் தின்கிறது காத்தாடிதான். கரண்டு கம்மியா இழுக்கிற பிஎல்டிசி காத்தாடியே எட்டு மணி நேரம் ஓடினா 0.24 யூனிட். வாசல்ல கயித்துக் கட்டில்ல படுக்கப் பழகினா 50 வாட் பேனல் போதும்.

மோட்டார் லைன் இருக்கிற பக்கத்துத் தோட்டத்துல இருந்து வயர் இழுத்துக்கலாம்னு யாராச்சும் யோசனை சொன்னா கேட்காதீங்க. விவசாய இணைப்பு வீட்டுக்கு ஆகாது, மாட்டினா அந்தத் தோட்டக்காரருக்கும் சேர்த்துத் தொந்தரவு.

மே 12, காலையில

ராத்திரி படுத்த பிறகும் இதே நினைப்பு. கரண்டைப் பத்தி இவ்வளவு எழுதிட்டு தண்ணியைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை. கொங்கு நாட்டுல மேட்டுக்காட்டுல குடியிருக்கணும்னா முதல் கேள்வி, ரெண்டாவது கேள்வி, மூணாவது கேள்வி எல்லாமே தண்ணிதான்.

தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையிலேயே இறங்கிடும். நமக்குக் காத்து மட்டும்தான் வரும். நம்ம மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை. வருசத்துக்கு 600 மில்லிமீட்டர் பக்கம்னு வெச்சுக்கலாம். போர் போட்டா பல்லடம், அவிநாசி பக்கம் 1,000 அடி தாண்டியும் புழுதிதான் பறக்குது. கிடைச்சாலும் பாதி இடத்துல சப்பத் தண்ணி, பருப்பு வேகாது.

கூரைத் தண்ணிக் கணக்கு லேசானது. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் மழை பெஞ்சா ஒரு லிட்டர். இருபதுக்குப் பதினஞ்சு அடி தகரக் கூரைன்னா 28 சதுர மீட்டர். 600 மில்லிமீட்டருக்கு 16,800 லிட்டர். தெறிச்சது, ஆவியானது, முதல் மழையில கழுவி விட்டதுன்னு அஞ்சுல ஒண்ணு கழிச்சா 13,400. நாளைக்கு 36 லிட்டர் வருது. ரெண்டு பேர் குடிக்க, ஆக்க, பாத்திரம் கழுவப் போதும். குளிக்கவும் துவைக்கவும் வேற வழி பார்க்கணும்.

மே 14

"கீத்துக் கொட்டகைதான் குளுகுளுன்னு இருக்கும், எதுக்குத் தகரம்?"னு தாராபுரத்துக்காரங்க கேட்டிருக்காங்க. குளுகுளுன்னு இருக்கும், நானும் அதுலதான் முதல்ல இருந்தேன். தென்னங்கீத்து ரெண்டு வருசத்துல மாத்தணும். அதுல வடியற தண்ணி டீ நெறத்துல இருக்கும், குடிக்க ஆகாது. தகரத்தைப் போட்டு அதுக்கு உள்பக்கம் கீத்து கட்டிக்கிட்டா வெயிலும் தாங்கும், தண்ணியும் தேறும்.

மே 18

பயிற்சி வகுப்பு பத்தி. இதை எழுதணும்னு ஒரு வாரமா மனசுல ஓடிக்கிட்டு இருந்துது.

ஈரோட்ல கணக்கு எழுதற வேலையை விட்டுட்டு மூலனூர் பக்கம் எங்க அப்பாரு காட்டுக்கு வந்தப்ப எனக்கும் இதே ஆசைதான். கத்துக்க எங்கெங்கயோ போகணும்னு நெனச்சேன். மூணு காடு தள்ளி ஒரு ஐயன் வேலி கட்டிக்கிட்டு இருந்தாரு. அவருகிட்ட ஒரு வாரம் உக்கார எனக்கு ரெண்டு வருசம் தோணலை.

நம்ம பக்கத்துக் கொரங்காட்டை, அதான் வேலி போட்ட மேய்ச்சல் காட்டை, பார்த்திருப்பீங்க. கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல அங்கங்க வெள்வேல மரம், சுத்தி கிளுவை முள்வேலி, ஒரு கடவு, அதுக்கு ஒரு படல். ஆட்டை உள்ள விட்டுப் படலைச் சாத்தினா மேய்க்க ஆள் வேண்டாம். மழையில்லாத வருசமும் அந்தப் புல்லு வேர்ல உசுரை வெச்சுக்கிட்டு இருக்கும். புல்லு தீர்ந்த வெயில் காலத்துல வெள்வேலங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தக் காட்டுலதான். கம்பி கிடையாது, மோட்டார் கிடையாது, சம்பளத்துக்கு ஆள் கிடையாது. குறைஞ்ச செலவுல வாழறதுன்னா என்னன்னு நம்ம அப்பாருமாரு எப்பவோ பண்ணி வெச்சுட்டாங்க.

அந்த ஐயன் எனக்குக் காட்டினது இதுதான். கிளுவையில கட்டைவிரல் தடிப்புக்குக் குறையாத போத்தா, நடறதுக்கான கிளைக்குச்சியா, வெட்டணும். நேரா நடக்கூடாது. ஒரு வரிசை இந்தப் பக்கம் சாய, அடுத்தது அந்தப் பக்கம் சாய, குறுக்கும் மறுக்குமா நெருக்கி நட்டு, இடுப்பு உயரத்துல பனைநாரைப் போட்டு இழுத்துக் கட்டணும். மழைக்கு முந்தி நட்டா மழையில வேர் பிடிக்கும். ஆடு தலையை நுழைக்காத அளவுக்கு அடைய மூணு வருசம் ஆகும். அப்பறமும் வருசா வருசம் வெட்டி, வெட்டின முள்ளை ஓட்டை விழுந்த இடத்துல செருகி, வேலி கட்டிக்கிட்டே இருக்கணும்.

நானு முள்ளைச் சுமந்தேன், அவரு நாரு கட்டினாரு. அந்த வேலை நடக்கறப்பதான் மத்ததெல்லாம் வந்துது. நாரை எப்ப நனைக்கணும், எத்தனை நாழி ஊறணும், எந்த முடிச்சு காஞ்சதுக்கப்பறம் இறுகும், எது நழுவும். மேக்க மேகம் எப்படி நின்னா மழை வராது. முள்ளுக் குத்தி ஒடிஞ்சா எப்படி எடுக்கறது. இதெல்லாம் அவருகிட்ட தனித்தனியாக் கேட்டிருந்தா ஒண்ணும் வந்திருக்காது. "எனக்கென்ன தெரியும் அம்மிணி"ன்னு சொல்லியிருப்பாரு. கூட வேலை செஞ்சாத்தான் வாய் திறக்கும்.

அதனால தம்பி, வகுப்பைத் தேடறதுக்கு முந்தி உங்க காட்டுல இருந்து கூப்பிடு தூரத்துல யாரு வேலி கட்டறாங்க, யாரு கயிறு திரிக்கிறாங்க, யாரு பனை ஏறி தெளுவு (பதநீர்) இறக்கறாங்கன்னு பாருங்க. போய்க் கூட நில்லுங்க. கூலி கேட்காதீங்க.

மே 19

"அப்ப பயணமே வேண்டாங்கறீங்களா?" வேணும். நல்லா வேணும். உள்ளூர்ல ஒரு தொழிலாவது கையில ஏறினதுக்கு அப்பறம் போனா, போற இடத்துல உங்களை மதிச்சுச் சொல்லித் தருவாங்க. சும்மா கையை வீசிட்டுப் போனா வேடிக்கை பார்க்க வந்தவங்களா ஆயிருவோம்.

நான் போனதுல எனக்கு ரொம்பப் பிரயோசனப்பட்டது பர்கூர் மலை. அந்தியூர்ல இருந்து பஸ். செவலையில வெள்ளைத் திட்டு விழுந்த அந்த மலை மாடுகளைக் காட்டுக்குள்ள பட்டியில அடைச்சு வளர்க்கிறாங்க. மாட்டுக்காரங்க வீட்டுல கன்னடம் பேசுவாங்க, நம்மகிட்ட தமிழ். தினம் தினம் மாட்டோட மலையில ஏறி இறங்கறவங்க பின்னாடி நடந்தா, மலை நடைன்னு தனியா ஒண்ணு கத்துக்க வேண்டியதில்லை. அடியை எங்க வெக்கிறாங்க, எப்ப நிக்கிறாங்க, எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்கன்னு பார்த்தாப் போதும். அந்தியூர் குருநாதசாமி கோயில் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தைக்கு ஆடியில போங்க, ஆட்களை அங்கேயே பழகிக்கலாம்.

அடுத்தது கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவு. சாமை, தினை விதைப்பு, பாறை மேல தானியம் காயவெக்கிறது, விதை எடுத்து வெக்கிறது எல்லாம் அங்க இன்னும் இருக்குது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை சிறுதானிய விதையைக் காப்பாத்த ரொம்ப வருசமா அங்க வேலை செய்யுது.

தாளவாடிக்குத் திம்பம் ஏறிப் போகணும், 27 வளைவு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு நடுவுல போற ரோடு. 2022 பிப்ரவரியில இருந்து ராத்திரியில போக்குவரத்துக்குத் தடை இருக்குது, பகல்லயே ஏறிருங்க. அங்க விவசாயிங்க பரண் மேல ராக்காவல் இருக்கிறாங்க, யானைக்காக. அவங்களுக்கு அது தூக்கம் கெட்ட பொழப்பு. சாகசம்னு நெனச்சுக்கிட்டுப் போய் நிக்காதீங்க.

மே 19, பொழுதோட

ஒண்ணு விட்டுட்டேன். காப்புக்காட்டுக்குள்ள சொந்தமா நுழையறது, தங்கறது, அடுப்பு மூட்டறது எல்லாம் குத்தம். 2018 மார்ச்சுல குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி இருபதுக்கு மேல உசுரு போச்சு, அதை மறக்கக் கூடாது. 2024 கடைசியில தமிழ்நாடு அரசு மலையேற்றத் திட்டம்னு 40 பாதையைத் திறந்து விட்டிருக்குது. இணையத்துல பதிவு பண்ணினா உள்ளூர் வழிகாட்டியோட போகலாம். வழிகாட்டியா வர்றவங்க பெரும்பாலும் அந்தந்த மலையில பொறந்தவங்க. அவங்ககிட்டப் பேச்சுக் குடுங்க. அந்தக் கட்டணத்துல பாதி மதிப்பு அந்தப் பேச்சுதான்.

மே 27

பாம்பு பத்தி மூணு பேர் கேட்டாச்சு. சாளையில தரையில படுக்காதீங்க. கட்டுவிரியன் ராத்திரியில நடமாடும், கடிச்சது பல பேருக்கு வலிக்கவே வலிக்காது, விடிய விடியத்தான் கண் இமை சொருகும். கயித்துக் கட்டில், நாலு பக்கமும் சொருகின கொசுவலை, இது ரெண்டுமே பெரிய காவல். நம்ம கரட்டுக் காட்டுல கல்லுக்கு அடியில சுருட்டை விரியன் சகஜம், கையளவுதான் இருக்கும், அதுவும் விஷந்தான். விறகு எடுக்கறப்ப குச்சியால தட்டிட்டு எடுங்க. செருப்பை உதறிட்டுப் போடுங்க, செந்தேள் இருக்கும்.

கடிச்சா கயித்தை இறுக்கிக் கட்டறது, கீறி விடறது, உறிஞ்சறது, பச்சிலை எதுவும் வேண்டாம். ஆடாம அசையாம 108-க்குக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போகணும். உங்க காட்டுல இருந்து அது எத்தனை தூரம், ராத்திரி வண்டி எந்தத் தடத்துல வரும்னு சாளைக்குக் கல்லு இறக்கறதுக்கு முந்தியே பார்த்து வைங்க.

ஜூன் 8

சோத்துப் பாடு. விறகைக் கொறைக்கணும்னா நம்ம ஊர்ச் சமையலை விட்டு எங்கயும் போக வேண்டாம். அரிசிம்பருப்பு ஒரே போசியில ஆயிரும். கொதி வந்து பத்து நிமிசத்துல இறக்கி, போசியோட சாக்குல சுத்தி வைக்கோலுக்குள்ள பொதிச்சு வெச்சா ஒரு மணி நேரத்துல தானா வெந்து கெடக்கும், விறகு பாதி மிச்சம். பச்சப்புளி ரசத்துக்கு அடுப்பே வேண்டாம். புளியைக் கரைச்சு, சின்ன வெங்காயம், பச்ச மிளகாய், கொத்தமல்லி நசுக்கிப் போட்டு, ஒரு துண்டு வெல்லம். சித்திரை வெயில்ல நான் இதுலதான் உசுரோட இருக்கேன். கொள்ளுப் பயறை மட்டும் முந்தின நாள் ராத்திரியே ஊறப் போட்ருங்க, இல்லைன்னா விறகைத் தின்னுரும்.

காங்கேயம் பக்கம் தேங்காய்க் களத்துல தேங்காய்த் தொட்டி (சிரட்டை) கெடைச்சா வாங்கிக்குங்க. சீமைக்கருவேலை விட நின்னு எரியும், புகை கம்மி.

கீரை வேலியோரத்துலயே இருக்குது, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, முருங்கை. கிழங்கு மட்டும் தெரியாம தோண்டித் தின்னாதீங்க. எங்க மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு காடு காடாப் போடறாங்க. பூவு செங்காந்தள், மாநில மலர், அவ்வளவு அழகு. கிழங்கு உசுரை எடுத்துரும். காட்டுல இருந்து தப்பி வேலியிலயும் மொளைச்சுக் கெடக்கும்.

ஜூன் 21

காத்து ஆரம்பிச்சிருச்சு. இதை எழுதறப்பவே தகரம் அடிச்சுக்குது.

கூடாரம் கேட்டீங்க இல்லைங்களா தம்பி, இப்ப வந்து பாருங்க. பாலக்காட்டுக் கணவாயில நுழையற காத்து வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் நம்ம காட்டு மேலதான் போகுது. பல்லடத்துல இருந்து உடுமலை வரைக்கும் காத்தாலை நட்டு வெச்சிருக்கிறதே அதனாலதான். கடையில விக்கிற குடைக் கூடாரம் இந்தக் காத்துல ரெண்டு ராத்திரி நிக்காது. நம்ம மண்ணுல முளையும் இறங்காது, ஒரு சாண்ல சுக்கான்கல்லு தட்டும்.

ஆட்டுப்பட்டிக்காரங்க எப்படிப் படுக்கறாங்கன்னு பாருங்க. அறுப்பு முடிஞ்ச காட்டுல எருவுக்காகப் பட்டி போட வருவாங்க, காடு மாறி ஊரு மாறிப் போயிக்கிட்டே இருப்பாங்க. ஒரு படுதா, ரெண்டு கவைக்கம்பு, கயிறு. படுதாவோட மேக்கு ஓரத்தைத் தரையோட ஒட்டிக் கல்லு வெச்சு அமுக்கி, கெழக்கு ஓரத்தை மட்டும் தூக்கிக் கட்டுவாங்க. காத்து மேல ஏறிப் போயிரும். அவ்வளவு குறைஞ்ச சாமானோட வருசம் பூரா வெளியில படுக்கறவங்க நம்ம கண்ணு முன்னால இருக்காங்க. கூடாரத்துக்கு வெச்ச காசுல நல்ல கெட்டிப் படுதாவும் ஒரு அருவாளும் வாங்கினா மிச்சமும் இருக்கும்.

ஜூலை 6

கோபிக்காரங்க ஒரு அக்கா கேட்டது: பொம்பளை தனியா இப்படி இருக்க முடியுமா, சுத்த முடியுமா?

இருக்கேன். சுத்தறேன். ஊருக்குள்ள நாலு வீட்டுல என்னைத் தெரியும், நான் எப்பப் போறேன் எப்ப வர்றேன்னு தெரியும். அதுதான் என் பூட்டு. புது எடத்துக்குப் போனா பொழுது சாயறதுக்கு முந்தி ஒரு வீட்டுப் பொம்பளைங்ககிட்டப் பேசிருவேன், அவங்க கை காட்டற எடத்துல தங்குவேன். யாரும் கை காட்டலைன்னா கடைசி பஸ்ஸைப் பிடிச்சுருவேன்.

செலவைப் பத்தி ஒண்ணு மனசு விட்டுச் சொல்லணும். டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்கு 2021-ல இருந்து டிக்கெட் இல்லை. ரேஷன் அரிசி 2011-ல இருந்து காசில்லை. உடம்புக்கு வந்தா அரசு ஆஸ்பத்திரி. நான் மாசம் கொஞ்ச காசுல இருக்கேன்னா அதுக்கு என் பேனல் காரணமே இல்லை, இந்த மூணுந்தான். கரண்டு கம்பியை விட்டுத் தள்ளி இருக்கேனே தவிர, ஊரையோ அரசாங்கத்தையோ விட்டு நான் தள்ளிப் போகலை. யாரோட தயவும் இல்லாம வாழறேன்னு சில பேர் சொல்றப்ப எனக்கு வருத்தமா இருக்கும். ரேஷன் கடையில மூட்டை தூக்கறவங்க, காலையில முதல் பஸ்ஸை எடுக்கற டிரைவர், இவங்களை எல்லாம் கணக்குல எடுக்காத பேச்சு அது. தம்பி, ரேஷன் கார்டுல உங்க பேர் எந்த ஊர்ல இருக்குதுன்னு பாருங்க, அதை மொதல்ல சரி பண்ணுங்க.

ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு

தம்பி காட்டுக்குப் போய் ரெண்டு ராத்திரி படுத்துட்டு வந்து எழுதியிருக்கார். வேலி கட்டற பெரியவர் ஒருத்தரையும் பார்த்திருக்கார். ரொம்ப சந்தோசம். 36 லிட்டர் கணக்குல ஒரு சந்தேகம் கேட்டிருக்கார்: "மழை பெய்யறது ரெண்டு மூணு மாசந்தானுங்களே, மிச்ச மாசத்துக்கு?"

அதேதான். மே 12-ல எழுதினது வரவுக் கணக்கு. இருப்புக் கணக்கு தனி. கார்த்திகை மழை ஓஞ்சா சித்திரையில கோடைமழை இறங்கற வரைக்கும் நாலு மாசம் ஒரு சொட்டு இல்லாமயும் போகும். 120 நாள், நாளைக்கு 36 லிட்டர்னா 4,320. அதனால 5,000 லிட்டருக்குக் கொறைஞ்ச தொட்டி வெச்சுப் பிரயோசனம் இல்லை. வெயில் படாம மூடி இருக்கணும், இல்லைன்னா பாசி. வலை கட்டணும், இல்லைன்னா கொசு. செலவுல முதல் இடம் தொட்டிக்கு.

அவிநாசிக்காரர் அத்திக்கடவுத் திட்டத்துல, பவானி ஆத்துல இருந்து குழாய்ல வர்ற தண்ணியில, அவங்க ஊர்க் குட்டை நெறைஞ்சு கிணத்துல ஊத்து ஏறியிருக்குதுன்னு எழுதியிருக்கார். கேட்கவே குளுந்து போச்சு, எத்தனை தலைமுறைக் கோரிக்கை அது. 2024 ஆகஸ்டுல தொறந்தாங்க, 1,045 குளம் குட்டைக்கு. ஆனா தம்பி காடு வெள்ளகோவில் பக்கம், பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலோட கடைமடை. நாலு மண்டலமாப் பிரிச்சு முறை வெச்சு விடற தண்ணி அங்க வந்து சேர்றதுக்குள்ள மெலிஞ்சிரும். வாய்க்கால்ல தண்ணி ஓடறப்ப பக்கத்துக் கிணத்துல கசிவு எவ்வளவு ஏறுதுன்னு சுத்தி விசாரிங்க. குளிக்கற தண்ணிக்கு அந்தக் கிணத்துக்காரர்கிட்ட இப்பவே பழகி வைக்கணும்.

காவேரியில நீச்சல் பழகலாமான்னு கேட்டதுக்கு: வேண்டாம். மணல் அள்ளின குழி வெளியில தெரியாது, இன்னைக்குக் கொடுமுடியிலயும் பவானியிலயும் கூட்டத்தைப் பார்த்துட்டு எறங்காதீங்க. நம்ம ஊர் முறைப்படி, படி இருக்கிற கிணத்துல, காஞ்ச சுரைக்காயை முதுகுல கட்டி, மேல ஒரு ஆளை நிக்க வெச்சுப் பழகுங்க.

செப்டம்பர் 14

கக்கூஸ் பத்தி யாரும் கேட்கலை, நானே சொல்றேன். கிணத்துக்கும் குழிக்கும் நல்ல தூரம் வேணும், குழி பள்ளத்துப் பக்கம் இருக்கணும். சுக்கான்கல்லுல ஆழமாத் தோண்ட முடியாதுங்கறதால நான் ரெண்டு ஆழமில்லாத குழி வெச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சாம்பலும் மரத்தூளும் போட்டு மூடறது. ஒண்ணு நெறைஞ்சா அடைச்சு வருசம் முழுக்க ஆறப் போட்டுட்டு மத்ததுக்கு மாறிக்கறது. நாத்தமே இல்லை.

அக்டோபர் 5

தம்பி தகரம் போட்டாச்சு, தொட்டி எறக்கியாச்சு. இப்ப "வேலையை இந்த மாசமே விட்டறட்டுங்களா?"ன்னு கேட்கறார்.

விடாதீங்க. ஐப்பசி மழை தொட்டியில இறங்கட்டும். முதல் மழையைத் தொட்டிக்கு விடாம வெளியில கழுவி விட்டுட்டு அப்பறம் குழாயைத் திருப்புங்க. தீபாவளி லீவுல கிளுவைப் போத்தை நட்டுருங்க, மேக்குப் பக்கம் முதல்ல. அந்தப் பெரியவரையே கூப்பிட்டு முதல் போத்தை நடச் சொல்லுங்க, சாய்மானம் அவரு கையில பார்த்தாத்தான் புரியும். தை பொறந்ததும் தொட்டிக்குள்ள அளவு போட்ட குச்சி ஒண்ணு எறக்கி வெச்சு, லீவு நாள் எல்லாம் அங்கேயே படுத்து, வாரத்துக்கு ஒருக்கா தண்ணி எவ்வளவு எறங்குதுன்னு நோட்டுல எழுதுங்க. பங்குனி முடியறப்ப தொட்டியில 1,000 லிட்டருக்கு மேல நின்னா கம்பெனியில சொல்லிட்டு வந்துருங்க.